வலிமையும் நம்பகமும்

என் தமக்கை மகன் சென்னையை அடுத்த சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறான். வேறொரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்காக அண்மையில் ஒருநாள் விடுப்பு எடுத்தான். "உம்மாவுக்கு உடல்நலமில்லை" என்று அலுவலகத்தில் காரணம் சொல்லியிருந்தான். அன்று மாலை, உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் அன்பு மேலிட்டு நலம் விசாரிக்க வீட்டிற்கே வந்துவிட்டார். கதவைத் திறந்து வரவேற்றவர் அந்த உம்மாவேதான்!

"மாமா, பொய் சொன்னது என் தவறு. ஆனால், ஓரிடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே வேறிடத்துக்குப் போகப் படிப்பதும் துரோகமாகுமா?" என்று அவன் என்னிடம் கேட்டான். இன்று நம் வீடுகள் பலவற்றில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் இருக்கும் வினா இது.

இத்தேர்வின் இயல்பை அறியாதார் இவ்வினாவின் கடுமையை உணரார். இவர்களது அன்றாட அலுவல் பெரும்பாலும் பழைய நிரல்களைப் பழுது பார்ப்பதும் வாடிக்கையாளரின் குறைகளைக் களைவதுமேயாகும். தேர்விலோ, முன்பின் கண்டிராத புதிர் ஒன்றைத் தந்து, முக்கால் மணி நேரத்திற்குள் நிரல் எழுதிக் காட்டு என்பர். கல்லூரியில் படித்து மறந்த பாடங்களைப் பத்தாண்டு அனுபவமுடையவரும் மீண்டும் மாணவராக அமர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. லீட்கோடு போன்ற தளங்களில் பயிற்சிக் கணக்குகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. அமெரிக்க வாடிக்கையாளரின் பகல் நமக்கு இரவாதலின், இஷாவுக்குப் பின்னரும் அலுவல் ஓய்வதில்லை. படிப்புக்கான நேரத்தை எங்கிருந்து எடுப்பது? அறச்சிக்கல் பிறக்கும் இடம் இதுவே.

திருமறையின் 'அல் கஸஸ்' அத்தியாயத்தில் வேலைக்கு ஆள் தேர்ந்த நிகழ்ச்சி ஒன்று வருகிறது. மத்யன் நகரின் நீர்த்துறையில் இரு பெண்களின் ஆடுகளுக்கு மூஸா (அலை) அவர்கள் நீர் புகட்டினார்கள். அப்பெண்களுள் ஒருவர், இவரையே பணிக்கு அமர்த்துமாறு தம் தந்தையிடம் பரிந்துரைத்தார். அதற்கு அவர் கூறிய தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகம். தவணை எட்டாண்டு, பத்தாக்குவது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். அத்தவணையை நிறைவேற்றிய பின் அவர்கள் தம் குடும்பத்துடன் புறப்பட்டார்கள்.

இதனின்று பெறப்படுவது யாது? கூலி கொடுப்பவர் விலைக்கு வாங்குவது உழைப்பையும் நேரத்தையுமேயன்றி, உழைப்பவனின் எதிர்காலத்தையன்று. ஒப்புக்கொண்டதை நிறைவேற்றிவிட்டு வேறிடம் நாடுவது துரோகமாகாது. அதற்காகத் தன் சொந்த நேரத்தில் ஆயத்தம் செய்வதும் குற்றமன்று. ஆனால் விற்றுவிட்ட நேரம் அமானிதம். அலுவல் நேரத்தில் மேலாளர் பின்னால் வந்து நின்றதும் கணினித் திரையை மாற்ற வேண்டியிருப்பின், அந்நேரம் நமதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. வேலை ஒதுக்கப்படாமல் 'பெஞ்ச்'சில் இருக்கும் காலத்திலும், கேட்டுவிட்டுப் படிப்பதே சிறப்பு.

இன்றைய தேர்வுகள் வலிமையை அளக்கின்றன. நம்பகத்தை அளக்கும் கருவி அவற்றிடம் இல்லை. மறைவிலிருந்து ஒருவர் விடை சொல்ல, திரையின் முன் மற்றொருவர் உதடசைத்த செய்திகளையும், செயற்கை நுண்ணறிவு சொன்ன விடையைத் தன்னுடையதெனக் காட்டுவோரையும் அறிவோம். பொய்யான அனுபவச் சான்றிதழ் கொடுப்போரும் உளர். அவ்வழியில் கிடைத்த பதவியில் எப்படி நிம்மதி இருக்கும்?

நீதி ஒருதலையானதன்று. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, பிறர்க்கு அளக்கும்போது குறைப்போரை 'அல் முதஃப்ஃபிஃபீன்' அத்தியாயம் கடிந்துரைக்கிறது. ஒன்பது மணி நேரத்துக்குச் சம்பளம் தந்து பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கும் நிறுவனமும், புதிதாய்ச் சேர்வோரை உடனே வரச் சொல்லிவிட்டு, விலகுவோரைத் தொண்ணூறு நாள் நிறுத்தி வைக்கும் நிறுவனமும் அத்தராசில் நிற்க வேண்டியவையே. தமக்குச் சிரமம் தர விரும்பவில்லை என்று மூஸா (அலை) அவர்களிடம் சொன்ன அம்முதியவரன்றோ முதலாளிகளுக்கு முன்மாதிரி!

இன்னொரு கடனும் உண்டு. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்தினருக்கும் உரிய கடமைகளை ஸல்மான் (ரலி) அவர்கள் நினைவூட்டினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அதனை ஆமோதித்தார்கள். வணக்கத்திற்கே இவ்வரம்பு என்றால், பதவிக்கான படிப்புக்குச் சொல்லவும் வேண்டுமோ? மனைவி மக்களின் பொழுதைக் களவாடுவதும் களவே. தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் வேண்டி அண்ணலார் துஆச் செய்திருக்கிறார்கள். சுப்ஹுக்குப் பின் ஒரு மணி நேரம், நாள் தவறாமல் படித்தாலே போதும். ஆறு மாதத்தில் அது பெரும் முதலாகும்.

தமக்கை மகனிடம் இவற்றைச் சொன்னேன். "அப்படியானால் விடுப்புக்கு என்ன காரணம் சொல்வது, மாமா?" என்றான். "சொந்த அலுவல் என்று சொல். அது உண்மை. அதற்கு மேல் சொல்ல நீ கடமைப்பட்டவனல்லன்" என்றேன்.

அடுத்த தேர்வுக்கு அவன் அப்படியே விடுப்புக் கேட்டான், கிடைத்தது. வேலை கிடைப்பது இறைவன் நாட்டம். அன்று மாலை யார் கதவைத் தட்டினாலும் அஞ்ச வேண்டியதில்லை என்பது மட்டும் உறுதியாயிற்று.