அடுத்து உள்ளே வருகிறவர்

தென்மராட்சிப் பக்கத்துக் காணி உறுதிகளில், எல்லைகளைச் சொல்லி முடித்த பிறகு, இன்ன கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் இவருக்கு இவ்வளவு பங்கு என்று ஒரு வரி வரும். பங்குக் கிணறு என்றால் என்னவென்று சாவகச்சேரியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் உறுதியில் எழுத முடிவது பங்கின் அளவைத்தான். குளித்துவிட்டுப் போகிறவர் கிணற்றுக்கட்டில் கிடக்கும் சவர்க்கார நுரையைக் கழுவிவிட்டுப் போகவேண்டும் என்று எந்த நொத்தாரிசும் எழுதி நான் பார்த்ததில்லை.

ஓவியக் கூடமும் இப்படியான சொத்துத்தான். சித்திரத்தைப் பட்டப்படிப்பாக எடுக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போவது, முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் எனப்பட்ட மருதனார்மடத்துப் பீடத்துக்கு. யாழ்ப்பாணத்தில் கூடி வரையும் பழக்கம் அதைவிடப் பழையது. 1938இல் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்ஸர் ஓவியக் கழகமும், பிறகு அ. மாற்கு முன்னின்று நடத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகமும் அதை வளர்த்தன. கலைஞன் தனியன் என்ற கதையை நாங்கள் கொஞ்சம் கூடுதலாகவே நம்பிவிட்டோம். கூடத்துக்குள் போனால் மேசை பொது, தண்ணீர்க் குழாய் பொது, சூளை பொது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று பொது.

கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு விதிகளைப் பிள்ளைகள் தங்கள் உடம்புக்கான எச்சரிக்கையாகத்தான் வாசிக்கிறார்கள். அதில் பிழையில்லை. ஓவியர்கள் பெரும்பாலும் நோயாளிகளாக இருக்கிறார்கள், காரணம் அவர்கள் கையாளும் ஈயமும் பாதரசமும் கலந்த நிறங்கள் என்று இத்தாலிய வைத்தியர் ரமஸ்ஸினி 1700இலேயே எழுதிவிட்டார். ஆனால் கூடத்தின் ஆபத்துகளில் பல, அவற்றை உண்டாக்கியவரைத் தொடாமலே போய்விடும்.

எண்ணெய்த் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளி விதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகும். இறுகும்போது சூடு பிறக்கும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கசக்கிக் குப்பைக் கூடையில் எறிந்த துணியில் போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஏறி, நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அதுவும் உடனே அல்ல, மணிக்கணக்காகப் பொறுத்திருந்து. 1991 பெப்ரவரி 23, ஒரு சனிக்கிழமை இரவு, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது. 22ஆம் மாடியில் பலகைகளுக்கு மெருகு பூசியவர்கள் விட்டுப்போன எண்ணெய்த் துணிகளில்தான் தீ தொடங்கியது. அணைக்கப் போன மூன்று தீயணைப்பு வீரர்கள் திரும்பி வரவில்லை. இத்தனைக்கும் அந்தத் துணிகளைத் தண்ணீர் விட்ட தகரப் பேணியில் அமிழ்த்தி மூடிவைத்திருந்தால் போதும்.

ஓவியக் கல்லூரியே எரிந்த கதையும் உண்டு. 2014 மே 23 அன்று கிளாஸ்கோ ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் கண்காட்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். நுரை பீச்சும் புட்டியிலிருந்து வெளிவந்த வாயு, சூடேறிக் கிடந்த புரொஜெக்டரில் பட்டுப் பற்றியது. 1909இல் கட்டிமுடித்த, மாக்கின்டொஷ் வடிவமைத்த கட்டடத்தின் நூலகம் சாம்பலானது. பலருடைய படைப்புகளும் போயின. நூலகம் எரிந்தது என்றால் என்னவென்று, தன் நூலகம் எரிக்கப்பட்டதை மறக்காத யாழ்ப்பாணத்து வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. கிளாஸ்கோவில் யாரும் எரிக்க நினைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவ்வளவு பெரிதாக நடக்கவேண்டும் என்றுகூட இல்லை. காய்ந்த களிமண் தூளைத் தும்புத்தடியால் கூட்டுகிறவர் துப்புரவு செய்துவிட்ட திருப்தியோடு போவார். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் எழும்பி நெடுநேரம் காற்றிலேயே நிற்கும்; அடுத்த வகுப்புக்கு வருகிறவள் அதைச் சுவாசிப்பாள். ஈரத் துணியால் துடைத்திருக்கலாம். அரைகுறையாகக் காய்ந்த சட்டியை அவசரத்தில் சூளைக்குள் வைத்தால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அதை வெடிக்க வைக்கும். என் சட்டி போனால் என்னோடு போகட்டும். சிதறுகிற ஓடு பக்கத்திலிருக்கும் இன்னொருத்தியின் பல நாள் வேலையையும் அல்லவா உடைக்கிறது?

இதனால்தான், பாதுகாப்பு ஒரு தாளிலும் நல்ல பழக்கவழக்கம் இன்னொரு தாளிலுமாக விதிகளைப் பிரித்து ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆபத்தை விட்டுப் போகிறவர் ஒருவர், அதில் அகப்படுகிறவர் வேறொருவர். நடுவில் இருப்பது சில மணி நேரம் மட்டுமே. அந்த நேரத்தைத் தாண்டி, இன்னும் வராத ஒருவரைப் பார்க்கத் தெரிந்தால் பாதுகாப்பும் பண்பும் ஒன்றாகிவிடும்.

இந்தப் பார்வை ஓவியருக்குப் புதிதாக வரவேண்டியதும் இல்லை. மாற்கு 2000இல் மறைந்தார். இன்று அவருடைய ஓவியத்தின் முன் நிற்கும் இருபது வயதுப் பிள்ளை அதற்குப் பிறகு பிறந்தவள். ஓவியம் என்பதே முன்னால் இல்லாத, முகம் தெரியாத ஒருவருக்காகச் செய்யும் வேலைதான். அந்த ஆளை நினைத்துத் தூரிகையை அசைக்கத் தெரிந்த கைக்கு, அதே ஆளை நினைத்து ஒரு துணியை நனைத்து வைக்க ஏன் மனம் வருவதில்லை? ஓவியத்தின் மூலையில் பெயர் எழுதலாம். நனைத்து வைத்த துணியில் எழுத முடியாது என்பதாலா?

அப்படியென்றால் பெயர் எழுத ஓர் இடம் இருக்கிறது. தண்ணீர்ப் போத்தலில் ரேப்பன்ரைன் ஊற்றி வைப்பது ஊரெல்லாம் உள்ள கெட்ட பழக்கம். பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்கும்; வெயிலில் வந்தவன் தாகத்தில் மூடியைத் திறப்பான். முதலில் அந்தப் போத்தலை மாற்றவேண்டும். மாற்றிய பாத்திரத்தில் உள்ளே என்ன, என்றைக்கு ஊற்றியது, ஊற்றியது யார் என்று எழுதி ஒட்டவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினால் நல்லது. அடுத்த வருடம் வருகிற பிள்ளை எந்த ஊரோ.