பூனைக்கு எத்தனை மாதம்

பூனைக்கு வரும் லிம்ஃபோமாவைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன நியாயம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் புதுக்கவிதையில் பூனை தாராளமாகவே நடமாடியிருக்கிறது. ஜன்னல் வழியாக வரும், தனிமைக்கோ காமத்துக்கோ குறியீடாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும், போய்விடும். அதற்குக் குடல் ஒன்று இருப்பதாக எந்தக் கவிஞரும் கவலைப்பட்டதில்லை. பிரச்னை குடலில்தான் இருக்கிறது.

1964ல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட்டும் சகாக்களும் பூனை லுகேமியா வைரஸைக் கண்டறிந்தார்கள். அந்த நாட்களில் மேற்கே லிம்ஃபோமா பெரும்பாலும் இந்த வைரஸ் தொற்றிய இளம் பூனைகளின் நோய். மார்புக்குள் கட்டி வளர்ந்து மூச்சை அடைக்கும். பரிசோதனையும் பிறகு தடுப்பூசியும் வந்தபின் அங்கே நோயின் முகம் மாறிவிட்டது. இப்போது அதிகம் காணப்படுவது கிழப்பூனைகளின் குடலில் வருவது. அதிலும் இரண்டு ஜாதி. சிறுசெல் வகை மெதுவாக ஊரும். பூனை மாதக்கணக்கில் இளைக்கும், அவ்வப்போது வாந்தி எடுக்கும், வீட்டில் வயசாகிவிட்டது என்பார்கள். குளோராம்புசில், பிரெட்னிசோலோன் என்று இரண்டு மாத்திரை. பெரும்பாலானவை தேறும், இரண்டு வருஷமோ அதற்கு மேலோ இருப்பது சகஜம். பெருசெல் வகை வேறு. மருந்தில்லாமல் ஒன்றிரண்டு மாதம். ஊசி மருந்துகளுக்கு இணங்கினால் இன்னும் சில மாதங்கள். முழுக்கத் தணிகிற சில பூனைகள் ஒரு வருஷத்தையும் தாண்டும். மூக்கில் மட்டும் வந்தால் கதிர்வீச்சுக்கு நன்றாக மசியும். சிறுநீரகத்தில் வந்தால் அவ்வளவு சொல்வதற்கில்லை. சிறுசெல் வகையையும் குடலின் நாள்பட்ட அழற்சியையும் சதையைக் கிள்ளிப் பார்த்தும் பிரித்தறிவது சமயத்தில் கஷ்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எண்ணுக்கு முன்னால் பெயரே சந்தேகத்தில் இருக்கிறது.

(அந்த ஊசிகளில் ஒன்று வின்கிறிஸ்டின். நம் சுடுகாட்டு மல்லியிலிருந்து, அதாவது நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. ஒரே செடிக்கு இந்த இரண்டு பெயரையும் வைத்தவர்கள் மருந்து விஷயம் அறியாதவர்கள்.)

எண் என்பது என்ன? மருத்துவர் சொல்வது மீடியன். நூறு பூனைகளில் ஐம்பது அதற்குள் போய்விட்டன, ஐம்பது அதன்பிறகும் இருந்தன. அவ்வளவுதான் அதன் அர்த்தம். வங்கியில் லெட்ஜர் முன் உட்கார்ந்திருப்பவனுக்கு இது புதிதல்ல. வாராக்கடன் சதவீதத்தை வைத்துக் கிளையின் வருஷத்தைச் சொல்லலாம்; கவுன்டரில் நிற்கும் ஆளைச் சொல்ல முடியாது. ஸ்டீஃபன் ஜே கூல்ட் என்ற விஞ்ஞானிக்கு 1982ல் வயிற்றுப் புற்று வந்தது. எட்டு மாதம் மீடியன் என்று நூலகத்தில் படித்தார். 1985ல் அதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 2002ல் வேறொரு புற்றில் இறந்தார். அவர் எண்ணைப் படித்து, எண்ணோடு வாதாடி, அதில் தன் இடத்தைத் தேடிக்கொண்டார். பூனை வாதாடாது.

முசரவாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு நெசவாளர் வீட்டுப் பூனைக்குப் பதின்மூன்று வயது. தறிக்குழிக்குப் பக்கத்தில் படுத்தே வாழ்ந்தது. சென்னைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்து, சதை எடுத்துப் பார்த்ததில் சிறுசெல் வகை என்றார்களாம். காகிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்துச் சொன்னேன், இரண்டு வருஷம் என்றும் சொன்னேன். அவர் கேட்டது:

"அதுக்கு என்ன சார் தெரியும், ரெண்டு வருஷம்னு?"

இதற்குச் சுலபமாக ஒரு பதில் இருக்கிறது. நாளை என்ற பிரக்ஞை இல்லாத ஜீவனுக்கு நாளை நஷ்டமாவதில்லை. ஆகவே வைத்தியம் நம் சமாதானத்துக்கு. கெட்டிக்காரத்தனமான தர்க்கம், எனக்கு ஒப்பவில்லை. நாளையை எண்ணத் தெரியாத ஜீவனுக்கும் நாளைக் காலை வெயில் படியில் விழும். அது அங்கே போய்ப் படுக்கும். விரும்பத் தெரிவதற்கு எண்ணத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இதே காரணத்தால் எதிர்ப்பக்கமும் கனக்கிறது. நாளைக்காக இன்று வலியைப் பொறுத்துக்கொள் என்று அதனிடம் சொல்ல முடியாது. ஊசிக்கென்று சென்னைக்குப் போகும் கூடைப் பயணம் அதற்கு வெறும் பயம். பின்னால் வரும் பலனோடு அது முடிச்சுப் போடாது. எனவே மாத்திரை வகைக்கும் ஊசி வகைக்கும் உள்ள பேதம் வைத்தியப் பேதம் மட்டுமல்ல. பூனைகள் இந்த மருந்துகளை மனிதர்களைவிட லேசாகத் தாங்குகின்றன, ரோமம் அதிகம் கொட்டாது, மீசை உதிரும், அவ்வளவே என்பதும் கணக்கில் வரவேண்டும்.

காந்தி 1928ல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத வலியில் கிடந்த கன்றுக்குட்டியை ஊசி போட்டுக் கொல்லச் செய்தார். கண்டனங்கள் குவிந்தன, பத்திரிகையில் பதில் எழுதினார். அங்கே எண் இல்லை, கண்ணெதிரே வலி இருந்தது. நமக்கு எண் முன்னால் வருகிறது, வலி பின்னால். அவருடைய தீர்மானம் இங்கே அப்படியே உதவாது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பாத்தியதை உண்டு. கோயில் யானைக்கு எந்த நாமம் என்ற சண்டை பழமொழியாகவே புழங்கும் ஊர். வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புல் இங்கேதான். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல ஜீவன் பற்ற வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய் கவ்விப் போகும் என்பது தென்கலை. மார்ஜார நியாயம். குட்டியின் தரப்பிலிருந்து நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். கவ்வும் வாய்க்கு எங்கே போகிறோம் என்று தெரியும் என்பது அங்கே அடிப்படை. தெரியாமல் கவ்விக்கொண்டிருக்கும் வாயைப் பற்றி சாஸ்திரத்தில் பேச்சில்லை.

அந்த வாய் நாம்தான், பூனைக்கு மட்டுமல்ல. அண்ணா 1969ல் புற்றுநோயில் இறந்தார். அவர் பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நோயின் பெயர் இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. இருந்தும் நம் குடும்பங்களில் நோயாளியிடம் அதைச் சொல்வதில்லை. என் பெரியப்பாவுக்கு வயிற்றுப்புண் என்றே கடைசிவரை சொன்னோம். வீட்டில் பெரியவர்கள் எடுத்த தீர்மானம். அவர் ஹிந்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து ஷேர் மார்க்கெட் வரை படிப்பவர். எண்ணைப் புரிந்துகொள்ளக்கூடிய, எண்ணோடு வாதாடக்கூடிய ஒருவரை நாங்கள் பூனைக்குட்டியாக்கிக் கவ்விக்கொண்டு போனோம். அன்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். 'அதுக்கு என்ன தெரியும்' என்று நெசவாளர் பூனையைப் பற்றிக் கேட்டது நிஜமான கேள்வி. பெரியப்பா விஷயத்தில் அது கேள்வியே இல்லை, நாங்கள் செய்து வைத்த ஏற்பாடு.

நெசவாளர் மாத்திரைக்குச் சம்மதித்தார். குளோராம்புசிலை உடைக்கக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது. ஒன்றுவிட்டு ஒருநாள், கையுறை போட்டுக்கொண்டு, நெத்திலிக்குள் வைத்துத் தருகிறார். பூனை நெத்திலியைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சில நாள் துப்பிவிடுகிறது. அன்றைக்கு இன்னொரு நெத்திலி.