இன்னொரு நூறு அடி

போக்கரில் ஒரு நிலை உண்டு. கையில் இரண்டு ஆர்ட்டின், மேசையில் விரித்த மூன்று சீட்டில் இரண்டு ஆர்ட்டின். ஐந்தாவது ஒன்று விழுந்தால் ஃப்ளஷ், நாம்தான் ராஜா. விழாவிட்டால் கையில் இருப்பது வெறும் காகிதம். 13 ஆர்ட்டினில் நான்கைப் பார்த்தாச்சு, ஒன்பது பாக்கி. கண்ணுக்குத் தெரியாத சீட்டு 47. அடுத்த சீட்டு நமக்கானதாக இருக்க 47-ல் 9, அதாவது சுமார் 19 சதவீதம்.

எதிராளி 200 ரூபாய் வைக்கிறார். அதோடு சேர்த்து நடுவில் 1000 கிடக்கிறது. அடுத்த சீட்டோடு ஆட்டம் முடிகிறது, ஃப்ளஷ் விழுந்தால் ஜெயம் என்று வைத்துக்கொள்வோம். 200 போடலாமா? தாராளமாகப் போடலாம். ஆறு முறையில் ஒரு முறை ஜெயித்தாலே முதல் திரும்பிவிடும். நம் வாய்ப்பு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சராசரி எடுத்தால் தடவைக்கு 30 ரூபாய் போல மிஞ்சும். இதே சீட்டு, ஆனால் நடுவில் 600, போட வேண்டியது 300 என்றால் பேசாமல் மடக்கிவிட வேண்டும். சீட்டு மாறவில்லை, விலை மாறிவிட்டது.

இதில் என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. போட்டது சரி என்று கணக்கு சொல்லும் அந்த 200 ரூபாய், ஐந்தில் நான்கு முறை போய்விடும். பக்கத்தில் நின்று பார்ப்பவன் நான்கு முறையும் "நாந்தான் அப்பவே சொன்னனே" என்பான். அவனிடம் வாதாடிப் பயனில்லை. சரியான முடிவு, தவறான விளைவு என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகியவன்தான் நல்ல ஆட்டக்காரன் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 30 ரூபாய் எங்கே இருக்கிறது? ஒரு ஆட்டத்தில் அது கிடையாது. ஒன்று 1000 வரும், இல்லை 200 போகும். நூறு, ஆயிரம் முறை உட்கார முடிந்தவனுக்குத்தான் அந்த 30 ரூபாய் பணமாகிறது. மற்றவனுக்கு அது காகிதத்தில் எழுதிய எண்.

எங்கள் பக்கம் போக்கர் ஆடத் தெரிந்தவர்கள் கொஞ்சம். போர் போடத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கணபதியிலிருந்து எந்தத் திசையில் வண்டியை விட்டாலும், வீடு கட்டுகிற இடத்திலோ தோட்டத்திலோ வெள்ளைப் புழுதி கிளம்பும். கொங்கு மண்ணில் மேல் மண்ணும் சிதைந்த பாறையும் தாண்டினால் கெட்டிப் பாறை. அதுவரை கேசிங் பைப் இறக்குவார்கள். அதற்குக் கீழே தண்ணீர் இருப்பது பாறை வெடிப்புகளில் மட்டும். வெடிப்பு கிடைத்தால் கிடைத்தது. பொதுவாக ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். அடிக்கு வாங்கும் ரேட்டோ ஆழம் போகப் போக ஏறும். வாய்ப்பு குறைய விலை கூடுகிறது! போக்கர் மேசையில் இப்படி இருந்தால் பச்சைக் குழந்தைகூட மடக்கிவிடும்.

ஆனால் 600 அடியில் வெறும் புழுதி வரும்போது யாரும் மடக்குவதில்லை. "இவ்வளவு போட்டாச்சுங்க, இன்னொரு நூறடி பாத்துரலாம்." போக்கர் கணக்கில், ஏற்கெனவே போட்ட பணம் நம்முடையதல்ல, நடுவில் கிடக்கும் பணம். ஜெயித்தால் வரும், அவ்வளவுதான். அதை இழப்பாக எண்ணிக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது. போர்க்குழியில் அதுகூட இல்லை. போட்டது புழுதியாகிவிட்டது, நடுவில் எதுவும் குவிந்து கிடக்கவில்லை. ஆனாலும் மனசு அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.

விவசாயியை முட்டாள் என்று சொல்ல நான் வரவில்லை. சீட்டுக்கட்டில் 52 என்று தெரியும். பாறைக்குள் எத்தனை ஆர்ட்டின் பாக்கி என்று யார் சொல்வது? தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடப்பவர் ஓர் இடம் சொல்வார், மீட்டர் வைத்துப் பார்ப்பவர் வேறோர் இடம். எண் தெரிந்த ஆபத்தும், எண்ணே இல்லாத நிச்சயமின்மையும் ஒன்றல்ல என்று பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் 1921-லேயே ஒரு புத்தகம் முழுக்க எழுதினார். தென்னை காய்ந்துகொண்டிருப்பவனுக்கு மடக்குவதும் இலவசமல்ல. போக்கரில் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கலாம், அவனுக்கு அடுத்த ஆட்டம் இல்லாமல் போகலாம். அதனால் "கணக்குப் போட்டு முடிவெடு" என்ற அறிவுரை அவனிடம் பாதிதான் செல்லும்.

மேசையிலோ குழியிலோ ஒருவர் மட்டும் தோற்பதில்லை. ஆட்டம் நடத்துகிறவர் ஒவ்வொரு பந்தயத்திலும் பங்கு எடுக்கிறார், ரிக் வண்டிக்கு அடிக்கணக்கில் கூலி. திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுக்கப் போகிற வண்டிகள் அவை. உழைப்புக்குக் கூலி, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "இன்னொரு நூறடி" என்ற யோசனை யார் வாயிலிருந்து வந்தது என்பதை மட்டும் கவனிக்கலாம்.

நம் சட்டம் நெடுநாள் வேறு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது: இது திறமையா, அதிர்ஷ்டமா? விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று தெரிய வேண்டும், ஆகவே ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொன்னது. 2022-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த இரண்டுக்கான தடையை நீக்கியது, காரணம் அதே திறமை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தப் பாகுபாட்டையே தூக்கிப் போட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடுத்தது. எல்லாவற்றையும் ஒரே கம்பால் அடிப்பது எனக்கு உவப்பில்லை. ஆனால் திறமை இருந்தால் கேடு இல்லை என்ற பழைய நம்பிக்கை அதைவிட மோசம்.

நளன் கதையைப் பாருங்கள். வனபர்வத்தில் புட்கரனிடம் நாட்டைத் தோற்கிறான். மிச்சம் இருப்பது தமயந்திதான், அவளை வை என்கிறான் புட்கரன். நளன் வாய் திறக்காமல் எழுந்து போய்விடுகிறான். ஒன்றும் தெரியாத, தோற்றுப்போன நளன் மடக்கிவிட்டான். பிறகு மரத்தின் காய்களைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லும் இருதுபன்னனிடம் சூதின் சூட்சுமம் கற்கிறான். திரும்பி வந்து புட்கரனை ஆட்டத்துக்கு அழைக்கும்போது என்ன வைக்கிறான் தெரியுமா? சம்பாதித்த செல்வத்தோடு தமயந்தியையும். ஜெயித்துவிட்டான், சுபம். திறமை வந்த பிறகுதான் அவளைப் பணயம் வைக்கும் துணிச்சல் அவனுக்கு வந்தது. கதை கேட்பவர்கள் யாரும் இந்த இடத்தில் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பாட் ஆட்ஸ் கணக்கில் தமயந்திக்கு ஒரு கட்டம் கிடையாது. 200 யாருடையது என்று அது கேட்பதில்லை. போர் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்க அடகுக்குப் போகும் வளையல் பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையிலிருந்து கழல்கிறது. "இன்னொரு நூறடி போலாமா" என்று வண்டிக்காரர் கேட்கும்போது அவர் குழிப் பக்கம் நிற்பதில்லை, ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் கேட்டால் மடக்கு என்று சொல்வாரா, போடு என்று சொல்வாரா, எனக்குத் தெரியாது. போடு என்றே சொல்லலாம். கேட்டிருக்க வேண்டும்.