யுத்தத்தை வேடிக்கை பார்க்கலாமா?





இந்த முறை நான் பிரசங்கம் எழுத உட்காரவில்லை. அறிக்கையிட உட்கார்ந்திருக்கிறேன். என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் முழுநேர ஊழியன் அல்ல. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடும் எடை மேடையில் கணக்கு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமும் ஞாயிறு ஆராதனையும் பெரம்பலூர் ரோட்டில் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் நடத்துகிறேன். வேதாகமக் கல்லூரி டிப்ளமா ஒன்று சுவரில் தொங்குகிறது. ஆனால் நான் சொல்லப்போகும் பாடத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தது அந்தக் கல்லூரி அல்ல, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்.

அந்த நான்கு நாட்கள்

2025 ஏப்ரல் 22-ந் தேதி காஷ்மீரில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7 அதிகாலையில் நம் படைகள் பாகிஸ்தான் பக்கம் ஒன்பது இடங்களைத் தாக்கின. அதிலிருந்து மே 10 சாயங்காலம் வரை நான் தூங்கினது கொஞ்சம், பார்த்தது அதிகம். வீட்டில் டிவி, கையில் போன். எடை மேடையில் லாரி நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பான், நான் போனில் இருப்பேன்.

மே 8 வியாழக்கிழமை ராத்திரி டிவியில் கராச்சி துறைமுகம் எரிகிறது என்றார்கள். நம் கடற்படை உள்ளே புகுந்துவிட்டது என்றார்கள். ஒரு வீடியோவும் என் போனுக்கு வந்தது. இருட்டில் ஊர் நடுவே பெரிய தீப்பிழம்பு. "படுங்க, காலையில டூட்டி இருக்கு" என்று என் மனைவி சொன்னாள். நான் படுக்கவில்லை. அந்த வீடியோவைச் சபை குரூப்பில் போட்டு, கீழே "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! கராச்சி காலி!" என்று எழுதினேன். விடிவதற்குள் இன்னும் பத்துச் செய்திகள் அனுப்பினேன்.

மறுநாள் உபவாச ஜெபம் முடிந்தது. எல்லாரும் போனபிறகு ஒரு சகோதரி மட்டும் நின்றார்கள். அவர்கள் மகன் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறான், அப்போது ஜம்மு பக்கம் இருந்தான்.

"பாஸ்டரய்யா, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றார்கள்.

"சொல்லுங்கம்மா."

"ராத்திரி முச்சூடும் போனு டிங்கு டிங்குன்னுச்சு. ஒவ்வொரு தடவையும் எம்புள்ளதான்னு எடுத்தேன். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. பக்கத்து வீட்டுப் பொண்ண எழுப்பி, 'என்ன சாமி போட்டிருக்கு'ன்னு கேட்டேன். பதினோரு தடவ கேட்டேன். எல்லாம் நீங்க அனுப்பினது."

அவ்வளவுதான் சொன்னார்கள். ஆட்டுக்குத் தழை ஒடிக்கணும் என்று போய்விட்டார்கள். நான் அங்கேயே பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாளில் உண்மை தெரிந்தது. நம் கடற்படை கராச்சியைத் தாக்கவே இல்லை. நான் அனுப்பின தீ, அந்த வருஷம் ஜனவரி 31-ந் தேதி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஒரு ஆம்புலன்ஸ் விமானம் விழுந்து எரிந்த தீ. அதில் வைத்தியம் முடிந்து தாயோடு ஊர் திரும்பின ஒரு சிறுமி இருந்தாள். விமானத்தில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் பிள்ளை வெந்துபோன தீயைக் காட்டித்தான் நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பிரியமானவர்களே, "பொய்ச் செய்தியை அனுப்பிவிட்டேன், மன்னியுங்கள்" என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் ஆவியானவர் என்னை அதோடு விடவில்லை. அந்தச் செய்தி நிஜமாயிருந்தால் மட்டும் நான் செய்தது சரியாகிவிடுமா? இதுதான் கேள்வி.

கரும்பலகையில் எழுதின கை

யோசித்துப் பார்த்தால் இது எனக்குப் புதிய வியாதி அல்ல. 1999-ல் கார்கில் யுத்தம் நடந்தபோது எனக்கு 22 வயது. பெரம்பலூரில் ஒரு டீக்கடையில் தினமும் கூடுவோம். ஒருவர் தினத்தந்தியைச் சத்தமாய் வாசிப்பார், நாங்கள் கேட்போம். கடையில் டிவியும் உண்டு. நம் நாட்டு யுத்தத்தை நம் ஜனங்கள் வீட்டிலிருந்தே டிவியில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதே நாட்களில் இங்கிலாந்தில் உலகக் கோப்பை கிரிக்கெட். ஜூன் 8-ந் தேதி மான்செஸ்டரில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. மலையில் நம் பையன்கள் தோலோலிங் சிகரத்தைப் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்த நேரம். மேட்சில் நாம் 47 ரன்னில் ஜெயித்தோம். வெங்கடேஷ் பிரசாத் ஐந்து விக்கெட் எடுத்தார். கடை வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. இடது பக்கம் கிரிக்கெட் ஸ்கோர். வலது பக்கம் "கார்கில்: எதிரி பலி" என்று போட்டு ஒரு எண். இரண்டையும் ஒரே சாக்பீஸால் எழுதினவன் நான்தான். கையெழுத்து நன்றாயிருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

அந்த யுத்தத்தில் திருச்சிக்காரரான மேஜர் சரவணன் மே 29-ந் தேதி பட்டாலிக் பகுதியில் விழுந்தார். ஒரு மாதத்துக்கு மேல் அவர் உடலை எடுக்க முடியாமல் மலையிலே கிடந்தது. ஜூலையில் மீட்கப்பட்டுத் திருச்சிக்கு வந்தது. பெரம்பலூர் 1995 வரை திருச்சி மாவட்டம்தானே. நம் வீட்டுப் பிள்ளை போலத்தான் இருந்தது. அன்றைக்குக் கடையில் யாரும் சாக்பீஸைத் தொடவில்லை. அவர் பெயரைச் சொன்னார்கள், தாயைப் பற்றிப் பேசினார்கள். டீ ஆறிப்போனது.

நம்மவர் செத்தால் பெயர். அவர்கள் செத்தால் எண்! 22 வயதில் இதை நான் கவனிக்கவில்லை. 48 வயதில் அந்தத் தாய் கவனிக்க வைத்தார்கள்.

அந்த எண்ணுக்குள் யார் இருந்தார்கள் தெரியுமா? கார்கிலில் நம் பக்கம் 527 பேர் உயிர் கொடுத்தார்கள். பாகிஸ்தானோ, அங்கே சண்டை போட்டது எங்கள் ராணுவமே அல்ல என்று அப்போது சாதித்தது. பல உடல்களை வாங்கிக்கொள்ளவில்லை. நம் ராணுவமே அவர்கள் மத முறைப்படி அந்த மலையில் அடக்கம் செய்தது. 2010-ல்தான் பாகிஸ்தான் ராணுவம் தன் இணையதளத்தில் 453 பேர் பெயரை வெளியிட்டது. பதினோரு வருஷம்! மகன் செத்தான் என்று நாடு ஒப்புக்கொள்வதற்கே அத்தனை வருஷம் காத்திருந்த தாய்மார்கள் அந்த மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

யோனாவின் குடிசை

யோனா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். பிரசங்கம் பண்ணி முடித்தபிறகு அவன் வீட்டுக்குப் போகவில்லை. நினிவேக்குக் கிழக்கே ஒரு குடிசை போட்டு உட்கார்ந்தான். எதற்கு? அந்த நகரத்துக்கு என்ன ஆகிறது என்று பார்க்க! தலைக்கு மேல் நிழலுக்கு ஆமணக்கு. நம் ஊர் வரப்பில் முளைக்கிற அதே ஆமணக்குதான்.

நினிவே பொல்லாத நகரம் என்பது பொய்யல்ல. யோனாவின் ஜனத்துக்கு அசீரியா நிஜமான எதிரி. அப்படியிருந்தும் தேவன் அவனிடம் என்ன கணக்குக் கேட்டார்? வலது கை இடது கை தெரியாத லட்சத்து இருபதினாயிரத்துக்கு அதிகமானவர்களைப் பற்றிக் கேட்டார். மிருகஜீவன்களைப் பற்றியும் கேட்டார். தூரத்திலிருந்து பார்த்த யோனாவுக்கு அது ஒரு நகரம். தேவனுக்கோ அது பிள்ளைகளும் மாடுகளும்.

கராச்சியில் இரண்டு கோடி ஜனங்கள் இருக்கிறார்கள். அங்கே மதராசி பாடா என்ற பகுதியில் தலைமுறை தலைமுறையாய்த் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன, மாரியம்மன் கோவிலே இருக்கிறது. கர்த்தரைத் தொழுகிற சபைகளும் அந்த நகரத்தில் ஏராளம். "கராச்சி காலி" என்று நான் எழுதினபோது இவர்களில் ஒருவர்கூட என் நினைவில் வரவில்லை. குடிசையில் உட்கார்ந்தவனுக்கு வராது. நம் வீட்டு சோபாவும் கைப்பிடிப் போனும்தான் இன்றைய குடிசை. நிழல் இருக்கிறது, ஆபத்து இல்லை, காட்சி மட்டும் தெரிகிறது.

"அப்போ சந்தோஷப்படவே கூடாதா?"

இதை அடுத்த ஞாயிறு சபையில் சொன்னபோது ஒரு மூத்த சகோதரன் எழுந்து கேட்டார்: "பாஸ்டர், பஹல்காமில் மதத்தைக் கேட்டுச் சுட்டானுங்களே. பூஞ்ச் ஊரில் அவன் போட்ட ஷெல்லில் பன்னிரண்டு வயசு ரெட்டைப் பிள்ளைங்க செத்துச்சே. திருப்பிக் கொடுத்தா சந்தோஷப்படக் கூடாதா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அதிகாரத்தின் கையில் பட்டயம் வீணாய் இல்லை என்று ரோமர் 13-ம் அதிகாரத்திலே படிக்கிறோம். குற்றவாளியைத் தண்டிப்பது ராஜாங்கத்தின் கடமை. எல்லையில் நிற்கிற பிள்ளை நின்றால்தான் நாம் இங்கே பாய் விரித்து ஜெபிக்க முடியும். அநியாயத்தைக் கண்டு கோபம் வராதவன் பரிசுத்தவான் அல்ல, மரக்கட்டை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். நம் நாட்டில் மரண தண்டனை எழுதின நீதிபதி கையெழுத்துப் போட்டதும் பேனா முனையை முறித்துப்போடும் வழக்கம் உண்டு. தீர்ப்பு தவறு என்பதாலா? இல்லை. தீர்ப்பு சரிதான். ஆனாலும் ஓர் உயிரை எடுக்க எழுதின பேனா இன்னொன்றை எழுத வேண்டாம் என்று முறிக்கிறார். நியாயமாய்த் தண்டிப்பது ஒன்று. தண்டனையைப் பார்த்து விசிலடிப்பது வேறொன்று. என் பேனாவை நான் முறிக்கவில்லை, பதினோரு முறை எழுதினேன்.

துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்டவர்கள்கூட நம்மைவிட மேலாய் நடந்தார்கள். கார்கிலில் டைகர் ஹில் சண்டையில் பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கான் என்பவர் கடைசிவரை போராடிச் செத்தார். அவரோடு மோதின நம் பிரிகேடியர் பஜ்வா, இவர் வீரமாய்ப் போரிட்டவர் என்று ஒரு சீட்டு எழுதி, அவர் சட்டைப் பையில் வைத்து உடலை அனுப்பினார். பாகிஸ்தான் தன் மிக உயர்ந்த வீர விருதை அவருக்குக் கொடுத்தது. மலையில் உயிரைப் பணயம் வைத்தவர் எதிரிக்குப் பெயர் கொடுத்தார். டீக்கடையில் பன்னு தின்றவன் எதிரிக்கு எண் கொடுத்தான்.

வாசலில் உட்கார்ந்த தாவீது

அப்படியானால் யுத்தச் செய்தியே கேட்கக் கூடாதா? கேட்கலாம். தாவீதும் கேட்டான். அப்சலோமோடு யுத்தம் நடந்தபோது அவன் நகர வாசலில் செய்திக்காகக் காத்திருந்தான். ஓடி வந்தவர்கள் ஜெயத்தைச் சொன்னார்கள். தாவீது கேட்டதோ அந்த வாலிபன் நலமா என்று. எதிரிப் படையின் தலைவன்தான், ஆனால் மகன்.

யோவாப் தாவீதைக் கண்டித்ததிலும் நியாயம் இருந்தது. உனக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்களை வெட்கப்படுத்துகிறாயே என்றான். அதைக் கேட்டு ராஜா எழுந்துபோய்த் திரும்பவும் வாசலில் உட்கார்ந்து தன் வீரர்களுக்கு முகம் காட்டினான். இரண்டும் வேண்டும், பிரியமானவர்களே! நம் பிள்ளைகளைக் கனம்பண்ண வாசலில் உட்கார வேண்டும். அந்தப் பக்கத்துப் பிள்ளைக்காகவும் அழ மேல்வீட்டில் ஓர் அறை வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விட்டால் நாம் நன்றி கெட்டவர்களாவோம், இல்லாவிட்டால் கல் நெஞ்சராவோம்.

நான் எடுத்த தீர்மானங்களைச் சொல்கிறேன். யுத்தக் காலத்தில் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை செய்தி. அதற்கு மேல் இல்லை. எதையும் யாருக்கும் அனுப்புவதில்லை. இத்தனை பேர் பலி என்று கேட்டால், அத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வது. ராணுவத்தில் பிள்ளை உள்ள வீட்டுக்கு நேரில் போவது. சொல்வது சுலபம், இன்னமும் போன் அதிர்ந்தால் கை தானாய்ப் போகிறது. எனக்காக ஜெபியுங்கள்.

மே 10 சனிக்கிழமை மதியம் 3.35-க்கு இரு நாட்டு ராணுவ அதிகாரிகள் போனில் பேசினார்கள், சாயங்காலம் 5 மணியிலிருந்து சண்டை நிறுத்தம். ஒரு போன் பேச்சில் முடிந்தது! மறுநாள் ஆராதனைக்கு முன்னால் நான் அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். அப்போதுதான் மகன் கூப்பிட்டான். யார் ஜெயித்தது, என்ன நடந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"சாப்ட்டியா சாமி?" என்றார்கள். அவன் என்னவோ சொன்னான். "சரி சரி, சாப்புடு" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எத்தனையோ தாய்மார்கள், தங்கள் பாஷையில், இதையேதான் கேட்டிருப்பார்கள். பதில் வராத வீடுகளும் இரண்டு பக்கமும் இருந்தன. அடுத்த முறை யுத்தச் செய்தி வரும்போது கர்த்தர் நம்மைக் குடிசையிலிருந்து எழுப்பி, அந்தத் திண்ணையில் உட்கார வைப்பாராக. ஆமென்.