விலை கூறுவோர்

2001-இல் ஜப்பானில் புலிகள். 2005-இல் பிரிட்டனில் டிராகன்கள். 2009-இல் அமெரிக்காவிலும் 2021-இல் இந்தியாவிலும் சுறாக்கள்! செல்வச் சீமான்களுக்குத் தொலைக்காட்சி சூட்டிய பட்டங்கள் இவை. புதுத் தொழில் காண முனைந்தவன் கையில் பொருளும் நெஞ்சில் துடிப்புமாக நிற்கிறான்; நாற்காலியில் அமர்ந்தோர் அவனை எடை போடுகின்றனர்; நாடே காண்கிறது.

பணம் போடுவோர் கேள்வி கேட்பது முறைதானே என்பர். முறைதான். மூடிய கதவுக்குப் பின்னிருந்து காரணம் கூறாமல் மறுப்போரைவிட, முகத்துக்கு நேரே மறுப்போர் மேல் என்றுகூட ஒப்புவோம். ஆனால், பணத்தை மறுக்கும் உரிமை மனிதனை மதிப்பிடும் உரிமையாக மாறியது எங்ஙனம்? விடை தவறிய சிறுவனை வகுப்பறையில் "உதவாதவன்" என்று ஏசுவது ஆசிரியர்க்கே அழகல்ல என்கிறோமே!

2006-இல் ராப் லா என்பவர், குழந்தைகள் ஏறி அமரத்தக்க 'டிரங்கி' என்னும் பயணப் பெட்டியுடன் பிரிட்டன் அரங்கில் நின்றார். கேட்டது 1,00,000 பவுண்டு. சீமான் ஒருவர் பட்டையை இழுத்தார், கொக்கி கழன்றது. முதலீடின்றித் திரும்பினார் லா. பின்னாளில் அப்பெட்டி பல இலட்சம் விற்றது. "பார்த்தீர்களா, வென்றுவிட்டார்!" என்று களிப்போர் பலர். அந்தக் களிப்பிலும் அதே தராசுதான் ஆடுகிறது! ஒரு பெட்டிகூட விற்றிராவிட்டாலும் அவர் அதே மனிதர்தாமே?

இன்னொன்று. அரங்கில் கைகுலுக்கியதும் பணம் வந்துவிடுவதில்லை. பிறகு கணக்குகளை ஆராய்வர். அதில் முறிந்துபோன பேரங்கள் உண்டு. வாக்களித்த பணத்தை மீட்டுக்கொள்ள வழி வைத்தவர்கள், ஊரறிய உதிர்த்த ஏளனச் சொல்லை மீட்டுக்கொள்ள என்ன வழி வைத்தனர்?