இல்லாதிருத்தல் குற்றமாகுமா? – குத்துச்சண்டையும் ஊக்கமருந்துப் பரிசோதனையும் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

குறித்த ஒரு நேரத்தில் ஒருவன் தன் வீட்டில் இல்லாதிருந்தான் என்பதற்காக அவனைத் தண்டிக்கலாமா? மேலோட்டமாக நோக்குமிடத்து இது நகைப்புக்கிடமான வினாவாகவே தோன்றும். ஆயினும், இன்றைய விளையாட்டுலகில் இக்காரணத்துக்காகவே வீரர் பலர் போட்டிகளினின்றும் விலக்கப்பட்டுள்ளனர். அவர்களது குருதியில் மருந்தெதுவும் காணப்படவில்லை; கதவைத் தட்டியபோது அவர்கள் அங்கிருக்கவில்லை, அவ்வளவே. இத்தண்டனை அறத்தின்பாற்பட்டதா என்பதையும், குத்துச்சண்டை என்னும் துறையில் அது எத்தகைய பொருளைப் பெறுகின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் விதியினை அறிந்துகொள்ளுதல் அவசியம். 1999ஆம் ஆண்டில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் நிறுவப்பட்டது. அது வகுத்த விதிக்கோவை 2004ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, பரிசோதனைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட முன்னணி வீரர் ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரு மணி நேரத்தைக் குறிப்பிட்டு, அந்நேரத்தில் தாம் இருக்கப்போகும் இடத்தை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். பன்னிரண்டு மாதங்களுள் மூன்று முறை அவ்விடத்தில் இல்லாதிருப்பினும், விபரங்களைச் சரிவர அளிக்கத் தவறினும் அது விதிமீறலாகக் கொள்ளப்படும். வழக்கமான தண்டனை இரண்டாண்டுத் தடை. தவறின் தன்மையை நோக்கி ஓராண்டு வரை அதனைக் குறைக்கலாம். இத்துணைக் கடுமை ஏன் எனின், ஊக்கமருந்துகள் சிலவற்றின் தடயம் உடலில் நெடுநாள் நிலைப்பதில்லை. முன்னறிவித்தலுடன் நடத்தப்படும் பரிசோதனை கவனமற்றவனை மட்டுமே பிடிக்கும். திட்டமிட்டு வஞ்சிப்பவனைப் பிடிக்காது.

இவ்விதியினாற் பாதிக்கப்பட்டோருள் இருவரை இங்கு குறிப்பிடலாம். பிரித்தானிய ஓட்ட வீராங்கனை கிறிஸ்ரின் ஒகுருகு மூன்று பரிசோதனைகளைத் தவறவிட்டமைக்காக 2006ஆம் ஆண்டில் ஓராண்டுத் தடைக்கு ஆளானார். தடை நீங்கியபின் 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் ஓட்டத்திற் தங்கப்பதக்கம் வென்றார். 2019ஆம் ஆண்டின் உலக 100 மீற்றர் வெற்றிவீரரான அமெரிக்கர் கிறிஸ்ரியன் கோல்மன் 2020இல் இரண்டாண்டுத் தடை பெற்றார். தாம் நத்தார்ப் பொருள்கள் வாங்கச் சென்றிருந்ததாக அவர் கூறினார். விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2021இல் தடையைப் பதினெட்டு மாதங்களாகக் குறைத்தபோதிலும், டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் பங்குபற்ற இயலாது போயிற்று.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழுகின்றது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவன் நிரபராதி என்பது நாகரிக சமுதாயங்கள் நெடுங்காலம் போராடிப் பெற்ற கோட்பாடு. இல்லாதிருத்தல் சான்றாகாது, மௌனம் ஒப்புதலாகாது. மறதிக்காரனையும் மருந்துண்டவனையும் ஒரே தராசில் நிறுத்தல் எங்ஙனம் நீதியாகும்?

இவ்வாட்சேபத்தைப் புறக்கணிக்க முடியாது. எனினும் இதனுள் இரு கூற்றுக்கள் ஒன்றாகக் கலந்துள்ளமையைக் காணலாம். 'இவன் மருந்துண்டான்' என்பது ஒரு கூற்று. 'இவன் தான் ஏற்றுக்கொண்ட கடமையினின்றும் தவறினான்' என்பது வேறொரு கூற்று. விரிவுரைகளுக்குப் போதிய வரவில்லாத மாணவனைப் பரீட்சைக்கு அனுமதிக்காதபோது, அவனுக்குப் பாடம் தெரியாது என்று எவரும் தீர்ப்பளிப்பதில்லை. அவன் யாவரையும் விடக் கற்றவனாகவும் இருத்தல் கூடும். மீறப்பட்டது அறிவன்று, நிபந்தனையே. அதுபோன்று, தவறிய பரிசோதனைக்காக வழங்கப்படும் தண்டனையும் இரண்டாவது கூற்றின் மீதே நிற்கின்றது.

அவ்வாறாயின் தண்டனை இலேசானதாக இருத்தலாகாதா என வினவலாம். ஆகாது என்பதே விடை. இல்லாதிருத்தலுக்குரிய தண்டனை அற்பமாயின், மருந்துண்டவன் எப்போதும் இல்லாதிருப்பதையே தெரிவு செய்வான். மனிதனை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று ஜேர்மானியத் தத்துவஞானி இமானுவல் கான்ற் வற்புறுத்தினார். வஞ்சகனை அச்சுறுத்தும் பொருட்டு மறதிக்காரனைத் தண்டிப்பது அவனைக் கருவியாக்குவதன்றோ? ஒருமுறை தவறியவனைத் தண்டித்தால் அது அவ்வாறே ஆகும். ஆனால், ஓராண்டுள் மும்முறை தவறியவன் மற்றொருவனது குற்றத்துக்காகத் தண்டனை பெறவில்லை. முன்னரே அறிந்திருந்த விதியைப் பொருட்படுத்தாத தன்னுடைய அசிரத்தைக்காகவே பெறுகின்றான். விதி யாவர்க்கும் பொதுவாகவும், மேன்முறையீட்டுக்கு இடமளிப்பதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை.

இனிக் குத்துச்சண்டைக்கு வருவோம். ஓட்டப்போட்டியில் வஞ்சிக்கப்பட்டவன் பதக்கத்தை இழக்கின்றான். குத்துச்சண்டையில் வஞ்சிக்கப்பட்டவன் தன் உடலை, சில வேளை உயிரை இழக்க நேரிடும். 1982ஆம் ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் றே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் சில நாட்களில் மரணமடைந்தார். அங்கு மருந்தோ வஞ்சகமோ இருக்கவில்லை. நேர்மையான சண்டையே இவ்வளவு கொடியதாயின் நேர்மையற்ற சண்டையைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் பில்லி கொலின்ஸ் என்ற இளைஞரை லூயிஸ் றெஸ்ரோ அடித்து வீழ்த்தினார். அவரது கையுறைகளினுள் இருந்த திணிப்பு அகற்றப்பட்டிருந்தமை பின்னர் தெரியவந்தது. கொலின்ஸ் மீண்டும் களமிறங்கவேயில்லை. றெஸ்ரோவும் அவரது பயிற்றுநரும் 1986இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டுச் சிறை சென்றனர். கையுறையினுள் செய்த மாற்றம் தாக்குதற் குற்றமாயின், அதே நோக்குடன் தசையினுள்ளும் குருதியினுள்ளும் செய்யப்படும் மாற்றம் வேறென்ன?

'என் உடல் என் உரிமை' என்ற வாதம் ஈண்டு தளர்ந்துவிடுகின்றது. மேடையேறும் வீரன் எதிரியின் முட்டிக்குத்தான் உடன்பட்டான். மருந்தினால் வலுவூட்டப்பட்ட முட்டிக்கு உடன்படவில்லை. ஆகவே பரிசோதனையின் வழியாகக் காக்கப்படுவது போட்டியின் தூய்மை மட்டுமன்று. மற்றொரு மனிதனின் சம்மதமும் ஆகும்.

ஆயினும் எங்கு காவல் மிகவும் வேண்டப்படுகின்றதோ அங்கேயே அது மிகவும் தளர்ந்து காணப்படுகின்றது. தொழில்முறைக் குத்துச்சண்டைக்குத் தனியொரு தலைமை நிறுவனம் இல்லை. பட்டங்களை வழங்கும் பிரதான அமைப்புகள் நான்கு. அமெரிக்காவிலோ மாநிலந்தோறும் ஓர் ஆணைக்குழு. பிரித்தானியாவில் உரிமம் பெற்ற வீரர்கள் அந்நாட்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதிகளுக்கு உட்படுகின்றனர். பிறவிடங்களிலோ பெருஞ்சண்டைகளுக்கான பரிசோதனை பெரும்பாலும் ஒப்பந்தத்தினையே சார்ந்துள்ளது. 2011இல் தொடங்கப்பட்ட தன்னார்வ ஊக்கமருந்துத் தடுப்புச் சங்கம் அரிய பணியாற்றி வருகின்றது. எனினும், அது பரிசோதித்து முடிவை அறிவிக்கலாமேயன்றித் தண்டிக்க இயலாது. தண்டிக்கும் அதிகாரம் ஆணைக்குழுக்களிடமும் பட்டமளிக்கும் அமைப்புகளிடமும் உள்ளது. எனவே ஓட்டவீரனுக்கு ஈராண்டுகளைப் பறிக்கும் அதே இல்லாமை, குத்துச்சண்டை வீரனுக்கு எவ்விளைவைத் தரும் என்பது அவன் எங்கு, எவருடன், எந்த ஒப்பந்தத்தின் கீழ் மோதுகின்றான் என்பதைப் பொறுத்ததாகின்றது. கடமை ஒன்றாகவும் விளைவு பலவாகவும் இருக்குமிடத்தில் விதி என்ற சொல்லுக்கே பொருளில்லை.

நிகழ்ச்சிகள் இதனை உறுதிசெய்கின்றன. 2012ஆம் ஆண்டில் எரிக் மொறாலிஸ் என்ற மெக்சிக்கோ வீரரின் உடலில் தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்ட செய்தி வெளிவந்த பின்னரும் சண்டை நடந்தேறியது. 2018இல் கனலோ அல்வாரெசின் பரிசோதனையில் அதே மருந்து காணப்பட்டது. உண்ட இறைச்சியே காரணம் என்றார் அவர். ஆறுமாதத் தடை விதிக்கப்பட்டு, மே மாதத்துச் சண்டை செப்தெம்பருக்கு மாறியது. 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் ரயன் கார்சியா டெவின் ஹேனியை மும்முறை வீழ்த்தி வென்றார். சண்டையையொட்டிப் பெறப்பட்ட மாதிரிகளில் மருந்து இருந்தமை பின்னரே வெளிப்பட்டது. தாம் அறிந்து உட்கொள்ளவில்லை என அவர் மறுத்தார். எனினும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது, முடிவும் செல்லாததாக்கப்பட்டது. ஏட்டில் எழுதிய முடிவினை மாற்றலாம். ஹேனியின் தலையில் விழுந்த அடிகளை எந்த ஆணைக்குழுவும் மாற்றவியலாது. முன்னறிவித்தலின்றிக் கதவைத் தட்டுவதன் தேவையை இதனினும் தெளிவாக உணர்த்தும் உதாரணம் வேண்டுவதில்லை.

இதில் வர்க்கம் சார்ந்த ஓர் உண்மையும் உண்டு. கோடிகள் புரளும் சண்டைகளுக்கே விரிவான பரிசோதனைகள் ஒழுங்குசெய்யப்படுகின்றன. சிறுதொகைக்காகச் சிறிய மண்டபங்களில் நான்கு சுற்றுகள் மோதும் ஏழை இளைஞனின் எதிரியைப் பயிற்சிக் காலத்தில் எவரும் சென்று பரிசோதிப்பது அரிது. பரிசோதனையின் நியாயம் எதிரியின் உடலைக் காப்பதே எனின், பெயரறியாதவனின் உடல் மலிவானதன்று. வீரனிடம் கடமையைக் கோரும் அமைப்பு அதே அளவு கடமையைத் தானும் ஏற்றல் வேண்டும். சண்டைகளால் இலாபமீட்டுவோரிடமிருந்து அறவிடப்படும் நிதியைக் கொண்டு, அவர்களுக்குக் கட்டுப்படாத சுயாதீன அமைப்பொன்று யாவரையும் பரிசோதித்தல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, இல்லாதிருத்தல் தண்டிக்கத்தக்கதே. ஆனால் இல்லாதிருத்தல் என்ற பெயராலேயே அது தண்டிக்கப்படல் வேண்டும். தவறவிட்டவனை மருந்துண்டவன் என்று தூற்றுதல் அநீதி. அவனை வினவாது விடுதலோ அவன் எதிரே நிற்கப்போகும் மனிதனுக்கு இழைக்கும் அநீதி. நாளொன்றுக்கு ஒரு மணி நேரச் சுதந்திரத்தை இழத்தல் சிறிய இழப்பன்று. நாள்தோறும் தன் இருப்பிடத்தை அந்நியருக்கு அறிவித்து வாழ்வதை எவரும் விரும்பார். ஆயினும், பிறனொருவனின் தலையில் ஓங்கியடிக்கும் உரிமையைச் சமுதாயத்திடம் பெற்றுக்கொண்டவன், கதவு தட்டப்படும்போது அதனைத் திறக்கும் கடமையையும் உடன் பெற்றுக்கொள்கின்றான் என்பதே எனது துணிபு.