பாட்டன் சொத்து

பாட்டனின் பெருமையைப் பேரன் பேசலாமா? பேசலாம் என்றுதான் உலகம் சொல்கிறது. அந்தப் பெருமையில் பேரனுடைய முயற்சி எள்ளளவும் இல்லை என்பது உலகத்துக்குத் தெரியும், தெரிந்தும் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் பெருமை என்பது பிதுரார்ஜிதமாக வரக்கூடிய சொத்துத்தானா, வந்தால் அது மட்டும் வருமா, கூடவே வேறு ஏதாவது வருமா என்று நாம் யோசித்துப் பார்ப்பதில்லை. கீழடியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் இந்தக் கேள்வியில் போய் நிற்கிறது.

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில், வைகைக்கு அருகே இருக்கிறது கீழடி. அங்கே பள்ளிச்சந்தைத் திடல் என்ற தென்னந்தோப்பில் 2015-ல் மத்தியத் தொல்லியல் துறை அகழ ஆரம்பித்தது. 2018 முதல் தமிழகத் தொல்லியல் துறை அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. 2023-ல் அருங்காட்சியகமும் திறந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்தவை என்ன? பெரும்பாலும் வீட்டுச் சாமான்கள். செங்கல் சுவர், கூரை ஓடு, நூல் நூற்கும் தக்களி, தந்தச் சீப்பு, மணிகள், கொஞ்சம் பொன், பகடைக்காய், உடைந்த பானையைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள். நம் தெருவில் குழந்தைகள் பாண்டி ஆட எறிகிற அதே மாதிரிச் சில்லு!

பானை ஓடுகளில் பெயர்களும் இருக்கின்றன. 'ஆதன்' என்று ஒன்று. 'குவிரன் ஆதன்' என்று இன்னொன்று. எழுத்து ஒரே கையால் எழுதினது போல இல்லை; ஆகையால் பானைக்கு உடையவர்களே கீறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாத்திரக் கடையில் நின்று, "பேர் வெட்டிக் கொடுங்கள்" என்று கேட்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஆச்சரியமாக இராது. கல்யாண வீட்டுக்குப் போன அடுக்கு மாறாமல் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான். ஆதனும் சரித்திரத்தில் இடம் பிடிப்பதற்காக எழுதியிருக்க மாட்டான். பக்கத்து வீட்டுக்குப் போன பானை திரும்பவேண்டும் என்ற கவலைதான் அவனுக்கும் இருந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில், காலம் கி.மு. 580 என்று தெரிந்தது. 2019 செப்டம்பரில் அந்த அறிக்கை வெளியானபோது சென்னையே பூரித்தது. மயிலாப்பூர்க் குளக்கரையிலும் தியாகராய நகர்ப் பூங்காவிலும் மாலையில் உட்காருகிறவர்களுக்கு அதுதான் பேச்சு. "இரண்டாயிரத்து அறுநூறு வருஷம், ஸார்!" என்று அந்த எண்ணைத் தாங்களே சம்பாதித்தது போலச் சொன்னார்கள். அதை நான் பரிகசிக்கவில்லை. கேட்கக் கேட்க எனக்கும் இனித்தது.

மயிலாப்பூரும் பழைய ஊர்தான். தாலமி குறித்துவைத்த 'மலியார்பா' இதுவே என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பின்னே, அந்தக் காலத்து வீடுகளை இங்கே ஏன் தோண்டிப் பார்க்கக் கூடாது? தோண்ட முடியாது, மேலே நாம் குடியிருக்கிறோம். கீழடியில் தோப்பு வளர்ந்தது, வீடுகள் கீழே பத்திரமாக உறங்கின. வாழ்கிற ஊர் தன் பழமையைத் தானே தின்றுவிடுகிறது. அதைக் குற்றம் என்றும் சொல்ல மாட்டேன். இடிபட்ட பழைய வீடுகள் சிலவற்றின் சமையலறையை நான் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் காணாத அந்தப் புகைக்கூண்டுக்குள் எத்தனை பெண்களின் ஆயுள் கழிந்ததோ! அது போனதற்காக நான் கண்ணீர் விடத் தயாராக இல்லை.

ஆனால் வீட்டோடு கிணறும் போகிறதே, அதுதான் உறுத்துகிறது.

கீழடியில் சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகள் கிடைத்தன. கடலோர மணற்பாங்கான மயிலாப்பூரிலும் உறை இறக்கித்தான் கிணறு எடுப்பார்கள். இல்லாவிட்டால் பக்கம் சரிந்துவிடும். சுடுமண்ணுக்குப் பதில் சிமெண்டு உறை, அவ்வளவே வித்தியாசம். சீப்பும் பகடையும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. இந்த ஒரு காரியத்தை மட்டும் நாம் இன்னும் கையால் செய்துகொண்டிருக்கிறோம். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அதையும் தூர்த்துவிட்டு, அதன்மேல் தளம் போட்டுவிடுகிறோம்.

தூர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர் தியாகராய நகர். ஏரி போயிற்று, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் இருக்கிறது. ஆதனுக்கு மிஞ்சியதும் பெயர்தான். ஆனால் அவனுடைய ஊரின் கிணறும் கூடவே மிஞ்சியது.

கீழடி அறிக்கை வந்த அதே 2019-ல், ஜூன் மாதம், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர். தெருமுனையில் லாரிக்காக பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்றவர்கள்தாம், இரண்டு மாதம் கழித்து முன்னோரின் உறைகிணற்றை மெச்சினார்கள். 2003-லேயே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீரைச் சேமிக்கவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பல வீடுகளில் குழாய் சுவரோடு நிற்கிறது. அது எங்கே போய் முடிகிறது என்று குடியிருப்பவருக்கே தெரியாது.

கீழடிக்காரர்களைத் தேவர்களாக்க எனக்கு விருப்பமில்லை. அங்கேயும் பொன் அணிந்தவள் ஒருத்தி, தக்களி சுற்றியவள் வேறொருத்தியாக இருந்திருக்கலாம். "அவர்கள் தங்கள் தாகத்துக்காகத் தோண்டினார்கள்; நமக்காகவா தோண்டினார்கள்? இதில் நமக்கு என்ன கடன்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமக்காகத் தோண்டவில்லை என்றால், அதை வைத்து நாம் பெருமைப்படுவதற்கும் இடமில்லை. பெருமை வேண்டும் என்றால் உறவை ஒப்புக்கொள்ள வேண்டும். உறவை ஒப்புக்கொண்டால் கடனும் வந்து சேரும். சொத்தை வாங்கிக்கொண்டு கடனைத் தள்ளுகிற பிள்ளையை நம் ஊரில் யாரும் மதித்ததில்லை.

அந்தக் கடனைப் பாட்டனிடம் திருப்பிக் கொடுக்க முடியாது, அவர் இல்லை. பின்னால் வருகிறவர்களுக்குத்தான் கொடுக்க முடியும். பாகம் பிரித்து வீட்டை இடித்துக் கட்டுகிறபோது, ஒரு கார் நிற்கிற இடத்தை இழந்தாலும் சரி என்று கிணற்றை விட்டுவைத்து, மாடித் தண்ணீரை அதில் இறங்கச் செய்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கீழடிக்குப் போய்ப் பார்த்திராவிட்டாலும் பாதகமில்லை. ஆதனை உறவு என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.